பழுதடைந்த வன்தட்டுத் தொகுதியிலிருந்து தரவு மீட்டல்

வலையமைப்பிலுள்ள கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் தரவுகளைப் பல வன்தட்டுகள் கொண்ட தொகுதியொன்றில் தேக்கி வைக்கலாம். இவ்வகைத் தொகுதி ரெயிட் எனப்படும். 1988 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கட்ஸ் ஆகியோர் இதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர்.

ரெயிட் 5 முறையில் தரவுகளுடன் சமநிலைப் பிட்டுகளும் தட்டுகளிடையே பகிர்ந்து பதியப்படும். ஒத்த நிலையிலுள்ள இரு பிட்டுகள் சமமாயின் சமநிலைப் பிட்டு 0, வேறாயின் 1.

உதாரணம்:
தட்டு 1: 1011
தட்டு 2: 0110
தட்டு 3 (சமநிலை): 1101

தட்டு 2 பழுதடைந்ததெனக் கொள்வோம். 1011, 1101 ஆகியவற்றை அதே விதிப்படி ஒப்பிடுக. 0110 மீளப் பெறப்படும். புதிய தட்டொன்றைப் பொருத்தியதும் தொகுதி இவ்வாறே கணித்து அதனை நிரப்பும்.

இரு தட்டுகள் ஒருங்கே பழுதடைந்தால் இக்கணிப்புச் சாத்தியமன்று. அப்போது செய்ய வேண்டியவை:

1. தொகுதியை நிறுத்தி, தட்டுகளின் ஒழுங்கைக் குறித்துக்கொள்ளல்.
2. தட்டுகளில் புதிதாக எதனையும் எழுதாதிருத்தல்.
3. வாசிக்கக்கூடிய பகுதிகளைப் பிரதி செய்து, அப்பிரதிகளில் மட்டும் மீட்பு வேலை செய்தல்.

கவனிக்க: ரெயிட், காப்புப் பிரதிக்கு மாற்றீடன்று. தவறுதலாக அழிக்கப்படும் கோப்பை அது காப்பாற்றாது. எனவே, வேறோர் இடத்திலும் காப்புப் பிரதி வைத்திருத்தல் அவசியம்.