ஸ்டவுட்டில் காப்பி எப்போது சேரும்?

ஸ்டவுட் பீரை முதன்முறை குடிப்பவர் அதில் காப்பி கலந்திருப்பதாகவே நினைப்பார். அநேகமாக ஒரு கொட்டைகூட இருக்காது. அந்தக் கருமையும் கசப்பும் கருக வறுத்த பார்லி தருபவை. ஆனாலும் ஸ்டவுட்டுக்கும் காப்பிக்கும் உறவு பழையது. 1817-இல் இங்கிலாந்தின் டேனியல் வீலர் காப்புரிமை பெற்ற, மால்ட் (முளைகட்டிய பார்லி) வறுக்கும் உருளை, காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையின் சாயலில்தான் அமைந்தது.

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் ஏராளம். 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை வரிவிலக்கு அளித்தது; ஆனால் விற்கக் கூடாது. அவர்களில் பலர் ஸ்டவுட்டில் நிஜக் காப்பியையே சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கசப்புதான் ஏற்கெனவே இருக்கிறதே, காப்பி எதற்கு? மணத்துக்கு. அந்த மணமோ நிற்காமல் பறக்கும். பார்லிச் சாறு கொதிக்கும்போது காப்பித்தூளைப் போட்டால், அடுப்பில் மறந்துபோன டிகாக்‌ஷன் மாதிரி கடுப்புதான் மிஞ்சும். ஈஸ்ட் பொங்கும்போது போட்டாலும், கிளம்பும் கரியமில வாயு மணத்தைக் கையோடு கொண்டுபோய்விடும். ஆகவே நொதித்து அடங்கிய பிறகே காப்பிக்கு நேரம்.

இதில் நிதானமான வழி குளிர் டிகாக்‌ஷன். 19 லிட்டர் பீருக்குச் சுமார் 60 முதல் 100 கிராம் கொரகொரப்பான தூளை, கொதிக்கவைத்து ஆறிய நீரில் போட்டு, ஓர் இரவு ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு வடிகட்டுவார்கள். முதலில் ஒரு தம்ளர் பீரில் சொட்டுச் சொட்டாகக் கலந்து ருசி பார்த்து, அதே விகிதத்தில் பாட்டிலில் அடைக்கும் நாளன்று மொத்தத்திலும் ஊற்றலாம். அளவு கையில் இருப்பதுதான் இதன் அனுகூலம். அரைக்காத கொட்டையைத் துணிப்பையில் கட்டி நேரே பீரில் போடுவோரும் உண்டு. ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிட வேண்டும். மறந்தால் குடமிளகாய் வாடை ஏறிவிடும். எண்ணெய் மினுக்கும் கொட்டை என்றால் நுரையும் சரியாக நிற்காது.

சிக்கரியும் விட்டுவைக்கப்படவில்லை! டெலவேர் மாநிலத்தின் டாக்ஃபிஷ் ஹெட் நிறுவனம் வறுத்த சிக்கரியோடு மெக்சிகோ காப்பியும் சேர்த்து ஒரு ஸ்டவுட்டை விற்றது.

நொதித்தாலும் காஃபீன் போகாது. அது போதையை உணரவிடாமல் மறைக்கும். 2010-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மதுவில் தனியாகக் காஃபீன் சேர்த்து விற்ற நான்கு நிறுவனங்களை எச்சரித்தது. காப்பி பீர் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும், ராத்திரித் தூக்கத்தை நினைத்துக் காஃபீன் நீக்கிய கொட்டையை வாங்குவோரும் இருக்கிறார்கள்.