ஆனைக்கொய்யாவும் ஆதிமனிதன் உணவும்

ஆதிமனிதன் எதை உண்டானோ அதையே நாமும் உண்டால் நோயின்றி வாழலாம் என்று கூறும் உணவு முறை ஒன்று இன்று பல நாடுகளிலும் பேசப்படுகின்றது. ‘பேலியோ’ உணவு முறை என்பது அதன் பெயர். வெளிநாட்டில் வாழும் உறவினர் வாயிலாக நமது குடும்பங்களிலும் இப்பெயர் அடிபடுகின்றது. இம்முறையைப் பின்பற்றுவோர் விரும்பி உண்ணும் பழங்களுள் ஒன்று ஆனைக்கொய்யா. அவகாடோ, வெண்ணெய்ப்பழம் என்று அழைக்கப்படுவதும் இதுவே.

இம்முறையில் நமக்கு உதவுவது எது, உதவாதது எது? சொந்த வயலையும் வளவையும் விட்டு வந்த ஒரு குடும்பத்தின் அடுப்படியிலிருந்து இதனைப் பார்ப்போம்.

இம்முறை கூறுவது என்ன?

1985 இல் அமெரிக்க மருத்துவரான போய்ட் ஈட்டனும் மானிடவியலாளரான மெல்வின் கொன்னரும் கற்கால மனிதரின் உணவைப் பற்றி ஒரு மருத்துவ சஞ்சிகையில் எழுதினர். 2002 இல் லொரன் கோர்டெய்ன் என்பவர் எழுதிய நூல் இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. இறைச்சி, மீன், முட்டை, மரக்கறி, பழம், கொட்டை வகைகள் ஆகியவற்றை உண்ணலாம். அரிசி, கோதுமை, பருப்பு வகைகள், பால், சீனி, தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவுகள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இதுவே அம்முறையின் சுருக்கம்.

ஆதிமனிதன் உண்டது என்ன?

ஆதிமனிதன் எல்லா இடத்திலும் ஒரே உணவை உண்ணவில்லை. களுத்துறை மாவட்டத்திலுள்ள பாகியன்கல குகையில் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் குரங்கையும் அணிலையும் வேட்டையாடி உண்டனர் என்பதை 2019 இல் வெளியான ஆய்வு காட்டியது. இலங்கையின் ஈரவலயக் குகைகளில் காட்டு வாழை, காட்டு ஈரப்பலா ஆகியவற்றின் எச்சங்களும் கிடைத்துள்ளன. இஸ்ரேல் நாட்டில் கலிலேயாக் கடலோரத்தில் வாழ்ந்தவர்களோ சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முன்னரே காட்டு வாற்கோதுமையைச் சேகரித்து அரைத்து உண்டனர். ஆகவே, ஆதிமனிதன் தானியத்தைத் தொடவே இல்லை என்பது சரியன்று.

ஆனைக்கொய்யாவின் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். அங்குள்ள மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அதனை உண்டு வந்துள்ளனர். நமது நாட்டின் ஆதிமனிதன் அதனைக் கண்டதே இல்லை. ஒவ்வொரு மக்களும் தம்மைச் சுற்றிக் கிடைத்ததையே உண்டனர் என்பதே இவற்றிலிருந்து நாம் அறியும் உண்மை.

எதை ஏற்பது, எதை விடுவது?

மரத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் கிடைத்தபடியே, அதிகம் மாற்றாமல் உணவை உண்பது நல்லது. இம்முறையில் நாம் ஏற்கவேண்டியது இதுவே. சீனி, கோதுமை மா, பிஸ்கற், சோடா ஆகியவற்றுக்குச் செலவாகும் பணத்தைச் சற்றுக் கணக்குப் பாருங்கள். அவை வயிற்றை நிரப்பும். ஆனால் கீரையும் பழமும் மீனும் தரும் சத்துக்களைத் தரமாட்டா. 1990களில் முகாம்களில் நிவாரண அரிசி, மா, பருப்பு, சீனி ஆகியவற்றைக் கொண்டு வாழ்ந்தவர்கள் இதை நன்கு அறிவர். அந்த நிவாரணம் உயிரைக் காத்தது. ஆனால் முகாம் ஓரத்தில் ஒரு முருங்கைக் கிளையை நட்டவரின் பிள்ளைகளுக்கே பச்சை இலை கிடைத்தது.

சோற்றையும் பருப்பையும் கைவிட வேண்டும் என்ற அறிவுரையை நாம் ஏற்க வேண்டியதில்லை. சோற்றில் குறைவாக உள்ள புரதக் கூறு பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ளது சோற்றில் உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது தீர்க்கின்றது. நாள்தோறும் இறைச்சி வாங்க இயலாத குடும்பம் பருப்பையும் விட்டுவிட்டால் முதலில் மெலிவது பிள்ளைகளே. தீட்டிய வெள்ளை அரிசிக்குப் பதிலாகத் தவிடு நீக்காத அரிசியையும், இடைக்கிடை குரக்கனையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஆனைக்கொய்யாவின் பயன்

பழங்களில் பெரும்பாலானவை இனிப்பைத் தருவன. ஆனைக்கொய்யா தருவது எண்ணெய்ச் சத்தை. அதன் சதை 100 கிராமில் ஏறக்குறைய 15 கிராம் கொழுப்பும் 7 கிராம் நார்ச்சத்தும் உண்டு. சீனி 1 கிராம் அளவிற்கும் குறைவு. அக்கொழுப்பில் பெரும்பகுதி ஒலிவ் எண்ணெயில் உள்ளதைப் போன்ற நல்ல கொழுப்பாகும்.

கீரை, கரட், பூசணி ஆகியவற்றிலிருந்து உடல் உயிர்ச்சத்து ஏ யைப் பெறுவதற்குச் சிறிதளவு கொழுப்புத் தேவை. ஆனைக்கொய்யாவை அவற்றுடன் சேர்த்து உண்டால் அது நன்கு உடலில் சேரும். பழம் கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. தேங்காய்ப்பூ இட்ட முருங்கை இலைச் சுண்டலும் அதே வேலையைச் செய்யும்.

நம்மில் பலர் இப்பழத்தைச் சீனியும் ரின்பாலும் கலந்தே உண்கின்றோம். அதனால் பழத்தின் நன்மை குறைகின்றது. பின்வரும் முறையைச் செய்து பாருங்கள்:

1. நன்கு கனிந்த பழத்தின் சதையை மசிக்கவும்.
2. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் ஆகியவற்றைப் பொடியாக வெட்டிச் சேர்க்கவும்.
3. உப்பு, மிளகுதூள், தேசிக்காய்ப் புளி சேர்த்துக் கலக்கவும். புளி சேர்ப்பதால் சதை விரைவில் கறுக்காது.
4. சோறு, ரொட்டி, அவித்த மரவள்ளி ஆகியவற்றுடன் சம்பலாக உண்ணவும். அடுப்பில் வைத்து நீண்டநேரம் காய்ச்சினால் கைக்கும்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு உப்பும் சீனியும் சேர்க்காமல் மசித்துக் கொடுக்கலாம்.

இப்பழம் மரத்தில் கனியாது; முற்றிய பின் பறித்து வைத்தே கனியவிட வேண்டும். வாழைப்பழத்துடன் சேர்த்துக் கடதாசியில் சுற்றி வைத்தால் விரைவில் கனியும்.

கவனிக்க வேண்டியவை

சிறுநீரக நோயாளர்: இப்பழத்தில் பொட்டாசியம் அதிகம். சதை 100 கிராமில் ஏறக்குறைய 485 மில்லிகிராம் உண்டு. வாழைப்பழத்தில் உள்ளதைவிட இது கூடுதலாகும். உலர்வலய விவசாயிகள் பலரை நாட்பட்ட சிறுநீரக நோய் தாக்கியுள்ளது. அந்நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதனை உண்ணக்கூடாது.

கால்நடைகள்: ஆனைக்கொய்யாவின் இலை, தோல், விதை ஆகியவற்றை ஆடு, மாடு, முயல், கோழி என்பவற்றிற்குப் போடவேண்டாம். அவற்றிலுள்ள நச்சுப்பொருள் இருதயத்தைத் தாக்கும். பால் தரும் ஆட்டின் மடியும் வீங்கும். கழிவைக் குழியில் இட்டு மூடிவிடுங்கள்.

நட விரும்புவோருக்கு

கண்டி, மாத்தளை, பதுளை போன்ற மலைப்பாங்கான பகுதிகளில் இம்மரம் நன்கு வளரும். வெப்பமான தாழ்நிலத்தில் நடுவோர் அதற்கேற்ற இனத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நீர் தேங்கும் நிலம் இதற்கு ஆகாது. வேரழுகல் நோய் வந்து முழு மரமும் பட்டுவிடும். ஆகவே மண்ணை மேடாக்கி நடவும். இளங்கன்றுக்கு நிழலும், வறட்சியில் நீரும் தேவை. காய்ந்த விதை முளைக்காது. பழத்திலிருந்து எடுத்தவுடன், தட்டையான பக்கம் கீழேயும் கூர்ப்பக்கம் மேலேயும் இருக்குமாறு ஊன்றவும்.

விதைக்கன்று காய்க்க 5 ஆண்டுகளுக்கு மேலாகலாம். ஒட்டுக்கன்று 3 அல்லது 4 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். எந்த இனம் உங்கள் பகுதிக்கு ஏற்றது என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியவும்.

சொந்தக் காணி இல்லாதவர்களுக்கு

நாளை எங்கே இருப்போம் என்று தெரியாதவர்களுக்கு ஐந்தாண்டு மரம் ஒரு பெரிய கேள்வியாகும். மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் தடியையும் கொடியையும் விதையையும் கொண்டுபோகலாம். ஆகவே விரைவில் பயன் தரும் பயிர்களிலிருந்து தொடங்குங்கள். முருங்கைத் தடி சில மாதங்களிலேயே இலை தரும். வற்றாளைக் கொடி மூன்று நான்கு மாதங்களில் கிழங்கு தரும். அதன் இளந்தளிரும் கறிக்கு உதவும். பொன்னாங்காணி, வல்லாரை, பசளி என்பவற்றைப் பழைய உரப்பையிலும் உடைந்த வாளியிலும் வளர்க்கலாம். கௌபி, பயறு, எள், கச்சான் ஆகியவற்றில் அடுத்த போகத்திற்கு ஒரு பிடி விதையை எப்போதும் ஒதுக்கி வையுங்கள்.

ஓரளவு நிலையான இடம் கிடைத்ததும் ஒட்டுக்கன்று ஒன்றை வாங்கி நடுங்கள். பிறருடைய காணியாயின், மரமும் விளைச்சலும் யாருக்கு என்பதை உரிமையாளருடன் முன்னரே பேசி, முடிந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வாறு செய்யாததனால் காய்க்கும் பருவத்தில் மனக்கசப்பு உண்டாவது வழக்கம்.

நல்ல உணவுக்குப் புதிய பெயரோ விலையுயர்ந்த பழமோ தேவையில்லை. ஆனைக்கொய்யா மலிவாகக் கிடைக்கும் காலத்தில் வாங்கி உண்போம். கிடைக்காத காலத்தில், வேலியோரத்து முருங்கையும் பானைச் சோறும் பருப்பும் ஒரு துண்டு மீனும் நம் பிள்ளைகளை நன்றாகவே வளர்க்கும்.