எஞ்சினின் காதும் எரியும் விளக்கும்

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நம்மவர் கையிலிருந்த ஜப்பானியக் கார்கள் யாவும் ஐந்து வயது மூத்துவிட்டன. புதியதொன்றை வாங்கும் வசதி இன்றும் பலருக்கில்லை. ஆதலால், ஓட்டுநரின் முன்னே திடீரென எரியும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு பல குடும்பங்களின் உறக்கத்தைக் கெடுக்க வல்லது. அவ்வேளைகளில் கராஜ்களில் அடிக்கடி உச்சரிக்கப்படும் பெயர்களுள் ஒன்று நொக் சென்சர். "அதை மாற்றினால் சரி" என்ற தீர்ப்பும் உடனேயே வந்துவிடுகிறது. இத்தீர்ப்பு பெரும்பாலும் அவசரமானது என்பதே நமது கருத்தாகும்.

சிலிண்டரினுள் அழுத்தப்பட்ட பெற்றோல், காற்றுக் கலவை பிளக்கின் தீப்பொறியால் பற்றி, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சீராக எரிய வேண்டும். சுவாலை வந்து சேருமுன்னரே மறு ஓரத்துக் கலவை வெப்பமும் அழுத்தமும் தாளாது தானாக வெடித்தெழுவதே நொக்கிங் ஆகும். மேட்டில் ஏறும்போது, தகரப் பேணிக்குள் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்று கேட்கும் ஒலி அதுவே. இது நீடித்தால் பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்படும்; வளையங்கள் உடையும். இவ்வாறு தானாக வெடிப்பதைப் பெற்றோல் எவ்வளவுக்கு எதிர்த்து நிற்கும் என்பதன் அளவுகோலே ஒக்டேன் எண்.

1990களில் எரிபொருள் தடைக்குள்ளான யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தோருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. ஒருசில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயிலேயே மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் ஓட்டியவர்கள் அவர்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகத் தாழ்வானது. ஆயினும் அப்பழைய எஞ்சின்கள் கலவையை அதிகம் அழுத்தாதவை. ஆகவே முனகிக்கொண்டேனும் ஓடின. இன்றைய எஞ்சின்கள் பத்து, பதினொரு மடங்கு அழுத்துபவை. நொக்கிங்கின் எல்லையை ஒட்டியே இயங்கிச் சிக்கனத்தை ஈட்டுகின்ற இவற்றுக்குக் காவல் ஒன்று அவசியம்.

அக்காவலே நொக் சென்சர். அழுத்தத்துக்கும் அதிர்வுக்கும் உட்படும்போது மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும் படிகம் ஒன்று அதனுள் உள்ளது. இப்பண்பை 1880இல் கண்டறிந்தவர்கள் கியூரி சகோதரர்கள். எஞ்சின் உடலில் இறுக்கப்பட்டிருக்கும் சென்சர் எல்லா இரைச்சலையும் கேட்கிறது. நொக்கிங்குக்கே உரிய அதிர்வெண்ணை, அதாவது பெரும்பாலான கார்களில் வினாடிக்கு ஆறேழாயிரம் அதிர்வுகள் அளவிலானதை, எஞ்சினின் கணினி பிரித்தறிகிறது. உடனே தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. ஒலி அடங்கியதும் படிப்படியாக மீட்கிறது.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், எஞ்சினுக்குத் தேவையானதைவிடத் தாழ்ந்த பெற்றோலை இட்டால், விளக்கு எரியாமலேயே இழுவை குறையும்; செலவு கூடும். மறுபுறம், ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்கான ஆகக்குறைந்த ஒக்டேன் 89 என்பதால், அதற்கென வடிவமைக்கப்பட்ட காருக்கு இங்குள்ள 92 தாராளமாகப் போதும். 95 இட்டுப் பணத்தை விரயமாக்குவோர் கைநூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று.

விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0325 என்ற குறியீடு தோன்றினால், அதன் பொருள் சென்சர் செத்துவிட்டது என்பதல்ல. சென்சரின் மின்சுற்றில் கோளாறு என்பது மட்டுமே. எலி கடித்த கம்பியும், எண்ணெய் ஊறிய இணைப்பியும், தளர்ந்த போல்ட்டும் அதே குறியீட்டைத் தரக்கூடும். ஆதலால் முதலில் கம்பியைச் சோதிக்க வேண்டும். பின்னர் இணைப்பைக் கழற்றி மல்ரிமீற்றரால் தடையை அளக்கலாம். டொயோட்டாவின் தட்டையான சென்சர்கள் பலவற்றில் அது 120 முதல் 280 கிலோ ஓம் வரை இருக்கும். ஏனையவற்றுக்கு அவ்வவ் வாகனத்தின் திருத்த நூலே ஆதாரம்.

வேறொரு தந்திரத்தையும் இங்கு கண்டிக்கவேண்டியுள்ளது. சென்சருக்குப் பதிலாக அதே அளவான மின்தடை ஒன்றைப் பொருத்தி விளக்கை அணைத்துவிடுவோர் உளர். செலவு சொற்பம், உரிமையாளருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த எஞ்சின் செவிடாகிவிட்டது. உண்மையாகவே நொக்கிங் ஏற்படும் நாளில் கணினி ஒன்றுமே செய்யாது. இதைவிடப் பழுதான சென்சருடனேயே ஓட்டுவது மேல். ஏனெனில் பழுதை உணர்ந்த கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தியே வைத்திருக்கும். இழுவை குறைந்தாலும் பிஸ்டன் தப்பும்.

சென்சரே பழுதென உறுதியானால், எஞ்சின் ஆறிய பின்னர், பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு மாற்ற வேண்டும். பல கார்களில் காற்று உட்செல்லும் குழாய்த் தொகுதிக்கு அடியில் அது மறைந்திருப்பதால், பாகத்தின் விலையைவிடக் கூலி விஞ்சுவதுண்டு. அமரும் இடம் துருவோ வர்ணமோ இன்றிச் சுத்தமாக இருத்தல் வேண்டும்; வாசர் இடலாகாது. இறுக்கமும் அளவோடு, தட்டையான வகைக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீற்றர் அளவில், அதற்குரிய அளவுச் சாவியால் அமைய வேண்டும். கைவலிமையால் மிகையாக இறுக்கினாலும் தளர்வாக விட்டாலும் புதிய சென்சரும் தவறாகவே கேட்கும். கீழே விழுந்த சென்சரை ஒருபோதும் ஏற்கவேண்டாம்; படிகம் விரிந்திருக்கலாம். கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்வதும், குறியீட்டை அழித்த பின் ஏற்றமான வீதியொன்றில் ஓட்டிப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுப்பதும் உரிமையாளரின் உரிமையாகும்.