ஒல்லியான உடம்பிலும் ஒளிந்திருக்கும் கொழுப்பு!

இருவரும் டாக்டர்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். பார்ப்பதற்கு இருவருமே குண்டு அல்ல.

உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே எண்: 22.3. ஆனால், 'டெக்சா' ஸ்கேன் வேறு கணக்குச் சொன்னது! லண்டன் டாக்டரின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். புனே டாக்டரின் உடம்பிலோ 21.2 சதவீதம்!

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தது. ஒல்லியான இந்தியர்களுக்கும் சர்க்கரை நோய் வருவது ஏன் என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. எடை மெஷினுக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். பிரித்துக் காட்ட ஸ்கேன் வேண்டும்.

டெக்சா

எலும்பின் பலத்தைப் பார்க்கும் கருவி இது. இரண்டு வித வலுவுள்ள எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி, எலும்பு, கொழுப்பு, மற்ற பகுதி எனப் பிரிக்கிறது. கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆனால் உடம்பில் நீர் கோத்திருந்தால் அதையும் தசைக் கணக்கில் சேர்த்துவிடும்.

சி.டி. ஸ்கேன்

இதைக் கண்டுபிடித்ததற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் 1979-ல் நோபல் பரிசு பெற்றார்கள். உடம்பை வாழைத்தண்டு நறுக்கியதுபோல் வில்லை வில்லையாகக் காட்டும். அதன் அளவுகோலில் தண்ணீருக்குப் பூஜ்யம். கொழுப்புக்கு மைனஸ் 190 முதல் மைனஸ் 30 வரை. தசைக்கு மைனஸ் 29 முதல் பிளஸ் 150 வரை. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு எது, குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு எது என்பது தெளிவாகத் தெரியும். கதிர்வீச்சு அதிகம் என்பதுதான் குறை. அதனால் புற்றுநோயாளிகளுக்கு வேறு காரணத்துக்காக எடுத்த படத்திலிருந்தே தசை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று டாக்டர்கள் அளந்துகொள்வது உண்டு.

எம்.ஆர்.ஐ.

காந்தமும் ரேடியோ அலையும் வேலை செய்கின்றன. எக்ஸ்ரே கிடையாது. ஈரலில் படிந்த கொழுப்பையும் அளக்கலாம். செலவும் நேரமும் அதிகம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அல்ட்ரா சவுண்ட்

மலிவானது; நோயாளியின் கட்டிலுக்கே கொண்டு போகலாம். தொடைத் தசையின் கனத்தை அளக்கலாம். ஆனால் கருவியைச் சற்று அழுத்திப் பிடித்தாலே அளவு குறைந்துவிடும். பழகிய கை வேண்டும்.

இன்ச் டேப் போதும்!

இதைப் படித்ததும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை தேவை. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் 'நான் ஒல்லிதானே' என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. டேப்பால் அளந்து பாருங்கள். அளவு மீறினால், சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்!