பவர் மட்டும் பார்த்தால் போதுமா?

கண்ணாடிக் கடை வாசல்களில் ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். தாடையைத் தாங்கியில் வைத்து உள்ளே தெரியும் படத்தைப் பார்த்தால், சில விநாடிகளில் கருவியிலிருந்து ஒரு சீட்டு வரும். அதிலிருக்கும் எண்கள் உங்கள் பவரின் தோராயக் கணக்கு மட்டுமே. பரிசோதனையே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தச் சீட்டோடு நிறுத்திக்கொண்டு கண்ணாடி செய்துகொள்பவர்கள் நிறையப் பேர். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சீட்டுக்குப் பிறகான வேலை ஆப்டோமெட்ரிஸ்டுடையது. கண் மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே கண் மருத்துவம் படித்தவர். அறுவை சிகிச்சை அவர் வேலை. எழுதித் தந்த பவருக்கேற்ற லென்ஸை ஃபிரேமில் பொருத்தித் தருபவர் ஆப்டிஷியன். பார்வையை அளந்து, கண்ணின் நிலையைச் சோதித்து, கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ எழுதித் தந்து, நோயின் அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புபவர் ஆப்டோமெட்ரிஸ்ட். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவர்கள் இதற்கான பி.ஆப்டம். படிப்பில் சேரலாம். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். சென்னை சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985 முதல் இதைக் கற்றுத்தருகிறது. மருத்துவமனை, கண்ணாடிக் கடை, பள்ளி முகாம் என்று வேலை பல இடங்களில் உண்டு. அறுவை சிகிச்சையாலும் சரிசெய்ய முடியாத அளவு பார்வை குறைந்தவருக்கு, உருப்பெருக்கிகளைப் பழக்கி மறுபடி செய்தித்தாள் படிக்க வைப்பதும் இவர்கள்தான். இந்தத் தொழிலின் ஆகச் சிறந்த பகுதி அது என்பேன்.

பரிசோதனை அறையில் ரெட்டினோஸ்கோப் என்ற சிறு கைக்கருவியால் கண்மணிக்குள் ஒளிக்கீற்றைப் பாய்ச்சி, உள்ளிருந்து திரும்பும் வெளிச்சம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார்கள். பேச்சு வராத கைக்குழந்தைக்கும் இப்படிப் பவர் கண்டுபிடித்துவிட முடியும். பிறகு லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பார்கள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பலர் பதறுகிறார்கள். பதற்றமே வேண்டாம். “ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது” என்பதும் அவர்களுக்குப் பயன்படுகிற பதில். சரியான பவரை நெருங்கிவிட்டோம் என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம்.

பரிசோதனையில் படிக்கச் சொல்லும் எழுத்துப் பலகையை 1862-இல் உருவாக்கியவர் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர். இயல்பான பார்வை உள்ளவர்கள் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடிகிறது என்றால் உங்கள் பார்வை 6/60. 6/6 வந்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பலகை அளப்பது நடுப்பார்வையை மட்டுமே. கிளௌகோமா என்ற கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியில்லாமல், பக்கப் பார்வையிலிருந்து தின்னத் தொடங்குகிறது. கடைசி வரி எழுத்தைத் தடங்கலின்றிப் படிப்பவருக்கும் அது இருக்கலாம். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காக்கத்தான் சிகிச்சை உண்டு. அதனால்தான் கண் அழுத்தமும் கண் நரம்பும் பார்க்கப்பட வேண்டும்.

நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வெள்ளெழுத்து வருகிறது. நடைபாதையில் ஆயத்தக் கண்ணாடி வாங்கினால் எழுத்து தெரிந்துவிடும், மறுப்பதற்கில்லை. ஆனால் நம்மில் பலர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணைக் காட்டப் போவதே அந்த வயதில்தான். அந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்வை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் குழந்தை சொல்லாது. மற்றொரு கண்ணால் எல்லாம் தெரிகிறதே! விளையாட்டாகக் குழந்தையின் கண்களை ஒவ்வொன்றாகக் கையால் மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டால் உடனே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். மூளை மங்கலான கண்ணைப் பயன்படுத்தப் பழகாமலே போவதைச் சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் நல்ல கண்ணை மறைத்து, மங்கிய கண்ணுக்கு வேலை கொடுத்துப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பள்ளியில் சேர்க்கும் முன்பே ஒரு முறை கண்ணைக் காட்டிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியே வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட உதவுகிறது.

திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து கண் உலர்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் எதையாவது பார்த்து, நன்றாகச் சிமிட்டினால் எரிச்சல் தணியும். கண் சிவந்ததும் மெடிக்கலில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். அவற்றில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு சட்டென்று மறையும்; தொடர்ந்து விட்டால் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள்.

திடீரென்று மின்னல் வெட்டுவதுபோல ஒளி, கரும்புள்ளிகளின் கூட்டம், திரை இறங்குவது போன்ற மறைப்பு தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விழித்திரை விலகுவதாக இருக்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்போ ஆசிட்டோ கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஆட்டோவுக்குச் சொல்வதை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.