கொக்கு வயிறு தயாரிப்பது எப்படி?

ஸ்டிக்கிள்பேக் என்று ஒரு மீன். சுண்டுவிரல் நீளம், முதுகில் மூன்று முள். ஐரோப்பா, வட அமெரிக்கா ஏரிகளில் அது வயிறு புடைத்துத் திரிவதைப் பார்த்தால் சினை என்று நம்பிவிடாதீர்கள். ஆண் மீனுக்கும் அப்படிப் புடைக்கும்! கீறிப் பார்த்தால் பளீரென்ற வெள்ளையில் ஒரு நாடாப்புழு மடிந்து கிடக்கும். சில மீன்களில் புழுவின் எடை மீனின் சொந்த எடையையே எட்டிவிடும். மீனுக்குள் புழுவா, மீனைச் சட்டையாகப் போட்டுக்கொண்ட புழுவா?

ஸ்கிஸ்டோசெபாலஸ் சாலிடஸ் என்ற இந்தத் தட்டைப்புழுவுக்கு மூன்று வீடு வேண்டும். முதலில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சைக்ளாப்ஸ் என்ற நீர்வாழ் உயிரி (வட இந்தியப் படிக்கிணறுகளில் நரம்புச் சிலந்தியைப் பரப்பிய அதே கூட்டம்தான்). அடுத்து மீன். கடைசியாக, மீனைத் தின்னும் பறவை. கல்யாணம், முட்டை எல்லாம் அங்கேதான்.

அப்படியென்றால், ஆய்வகத்தில் புழு வளர்க்கிறவர்கள் கொக்குக்கு எங்கே போவார்கள்? போகவே மாட்டார்கள், வயிற்றைத் தாங்களே செய்துகொள்வார்கள்! டயாலிசிஸ் சவ்வுக்குழாயில் இரண்டு புழுக்களைப் போட்டு முடிச்சிடுகிறார்கள். எடைப் பொருத்தம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பது; ஜாதகம் மட்டும்தான் பாக்கி. குழாயை ஊட்டத் திரவத்தில் தொங்கவிட்டு, 40 டிகிரி சூடு, கும்மிருட்டு, லேசான ஆட்டம். அவ்வளவுதான், புழு ஏமாந்துவிடும்! பறவைக் குடலுக்கு வந்தாயிற்று என்று இரண்டொரு நாளில் பருவமடைந்து, முட்டையிட ஆரம்பித்துவிடும். இருபால் உயிரி என்பதால் இரண்டுமே அம்மா, இரண்டுமே அப்பா. பறவை இல்லாமலே இதை வளர்க்கலாம் என்று ஜே.டி.ஸ்மைத் 1946-லேயே காட்டிவிட்டார்.

முட்டைகளைச் சில வாரம் இருட்டில் வைத்திருந்து வெளிச்சம் காட்டினால் பொரியும். மயிர் போர்த்திய குட்டிப் பந்துகள் சுழன்று சுழன்று நீந்தும். அவற்றைப் பிப்பெட்டில் உறிஞ்சி, குழித்தட்டில் தனித்தனியே காத்திருக்கும் சைக்ளாப்ஸுக்கு ஒவ்வொன்றாக ஊட்டுவார்கள். பொறுமைசாலிகளப்பா!

சைக்ளாப்ஸுக்குள் நடக்கும் உள்குத்துதான் எனக்கு உச்சம். இளம்புழு, 'அசையாதே, மீன் கண்ணில் படாதே' என்று சைக்ளாப்ஸை அடக்கி வைக்கும். வளர்ந்த புழு, 'ஆடு, மீன் வந்து விழுங்கட்டும்' என்று கிளப்பிவிடும். இரண்டும் ஒரே சைக்ளாப்ஸுக்குள் மாட்டினால்? ஜெர்மனியின் ப்ளோன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் நீனா ஹாஃபரும் மன்ஃப்ரெட் மிலின்ஸ்கியும் அதையும் செய்து பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவு: வளர்ந்த புழு வைத்ததே சட்டம்.

மீனுக்குள் போனபிறகும் இதே கதைதான். புழு சுமார் 50 மில்லிகிராமைத் தாண்டியதும் மீனுக்குப் பயம் விட்டுப்போகிறது. தொட்டிக்கு மேலிருந்து கொக்கு அலகு மாதிரி ஒன்றை இறக்கினாலும், மற்ற மீன்கள் சிதறி ஓட, இது சாவகாசமாக நிற்கும்.

எல்லா ஏரியிலும் புழுவின் பருப்பு வேகாது. கனடாவின் வான்கூவர் தீவில் சில ஏரிகளின் மீன்கள், வயிற்றுக்குள் தழும்புத் திசுவை வளர்த்துப் புழுவை வளரவிடாமல் நெருக்குகின்றன. விலை கடுமை: வயிறெல்லாம் தழும்பு, இனப்பெருக்கத்துக்கே இடைஞ்சல். அதே தீவின் கோஸ்லிங் ஏரி மீன்கள் அந்த வம்புக்கே போவதில்லை. புழுவைச் சகித்துக்கொண்டு வாழப் பழகிவிட்டன.