இசையும் அறையும்

இசைக் கருவிகளைப்பற்றிப் பேசுவார் பலர். அவ்விசையை ஏற்று நிற்கும் அறையைப்பற்றிப் பேசுவார் சிலரே. மட்டக்களப்பு மண் ஈன்ற விபுலாநந்த அடிகளார், 1947ஆம் ஆண்டில் வெளிவந்த தம் 'யாழ் நூல்' வாயிலாக, நரம்பின் இசையைக் கணித முறையால் ஆராய்ந்து காட்டினார். நரம்பை விட்டு நீங்கிய ஒலி செவியை அடையுமுன் எய்தும் மாற்றமும் ஆராயத்தக்கதேயாம்.

காத்தான்குடியில் எனக்கு நண்பரொருவர் உளர். பன்னிரண்டு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்து மீண்டவர். அவ்வுழைப்பின் பயனிற் பெரும்பகுதியை ஓர் அம்பிளிபயரிலும், ஆளுயரமுள்ள இரு ஒலிபெருக்கிகளிலும் இட்டனர். நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடல்களைக் கேட்க என்னையும் அழைத்தனர். அப்பெருங்குரலில் வல்லெழுத்துக்கள் தெறித்து விழுவதை இலங்கை வானொலியிற் கேட்டு வளர்ந்தவன் யான். அன்றோ, ஒரு சொல்லின் வால் மறுசொல்லின் தலையை மூடிற்று. மேளம் குடத்துள் அறைந்தாற்போல முழங்கிற்று. நண்பர் முகம் வாடினார். “சேர், இத வித்துப்போட்டு இன்னும் உசந்ததொண்ட வாங்குவமா?” என்றார்.

யான் விடைகூறாது அறையின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டினேன். தட்டிய ஒலி உடனே மடியாது மேலே சுழன்றது. சீமெந்துச் சுவர், பளிங்கோடு பதித்த தரை, மூடிய சாளரம். ஒலியை விழுங்குவதற்கு அங்கு யாதும் இல்லை.

இத்தகைய இடர்ப்பாட்டைத் தீர்க்குமாறு 1895இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தார் வலஸ் சபீன் என்னும் இளம் பௌதிகவியல் ஆசிரியரைப் பணித்தனர். அங்குள்ள விரிவுரை மண்டபமொன்றிற் பேசுவோர் சொல் விளங்கவில்லை. சபீன் இரவுதோறும் அயலிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஓர்கன் குழலொன்றை ஒலிப்பித்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தனர். வெறு மண்டபத்தில் ஏறக்குறைய ஐந்தரைச் செக்கன் நின்ற ஒலி, மெத்தைகள் நிறைந்தபின் ஒரு செக்கனளவிற் குறுகிற்று. இதுவே எதிர்முழக்கக் கணிதத்தின் தோற்றம்.

அக்கணக்கு எளிது. அறையின் கனவளவைக் கன மீற்றரிற் கொண்டு 0.161ஆற் பெருக்கி, அறையிலுள்ள உறிஞ்சுபரப்பால் வகுத்தல் வேண்டும். வருவது, ஒலியின் ஆற்றல் பத்திலட்சத்தில் ஒரு பங்காகத் தேய எடுக்குஞ் செக்கன்கள். திறந்த சாளரத்தின் ஒரு சதுர மீற்றரே உறிஞ்சுபரப்பின் அலகு. வெளியேறிய ஒலி மீளாதன்றோ! நண்பரது அறை 60 கன மீற்றர். உறிஞ்சுபரப்பு 3 அலகெனக் கொண்டால் விடை 3.2 செக்கன். மூன்று சதுர மீற்றர்ச் சாளரங்களைத் திறந்துவிட்டால் அது 1.6 ஆகும். இதற்குப் பணம் வேண்டா. ஆயின் வீடுகள் நெருங்கிய காத்தான்குடியிற் சாளரந் திறந்து பாட்டுக் கேட்பது, அயலார் அனைவரையும் கேட்பித்தலாகும்.

எனவே, பஞ்சு மெத்தைகள் இரண்டைப் பின்சுவரிற் சாத்தினோம்; தடித்த திரைகளைத் தொங்கவிட்டோம். பாயும் விரித்தோம். மெல்லிய பாய் உயர்ந்த மீடிறன்களையே சிறிது உறிஞ்சும். மேளத்தின் தாழ்ந்த முழக்கத்துக்கு அது போதாது. ஒலிபெருக்கிகள் மூலையில் நின்றமையே அம்முழக்கம் மிகுந்ததற்கு முதற்காரணம். மூன்று சுவர்போல் அமைந்த அவ்விடத்தில் தாழ்ந்த ஒலி பெருகும். அவற்றை மூன்றடி முன்னே நகர்த்தினோம்.

மறுபடியும் அப்பாடலே. சொற்கள் தனித்தனியே பிரிந்து நின்றன. அடிக்கும் அடிக்கும் இடையே பாடகர் மூச்சிழுப்பதுங் கேட்டது. மேலும் நுண்ணிய வேறுபாடுகளை நண்பர் கூறினர். நாற்பது கடந்த என் செவி அவற்றுக்குச் சான்றாகாது. உயர்ந்த மீடிறன்களைக் கேட்கும் ஆற்றல் வயதேற ஏறக் குறைவது இயல்பு. விலைமிக்க கருவிகளைப் புகழ்வோரிற் பலர் எம் வயதினர் என்பதும் நினைக்கத்தக்கது.

நண்பர் கருவியை விற்கவில்லை. விருந்தினர் வருங்கால் அவர் மனைவியார் மெத்தைகளை எடுத்துக்கொள்வர். அந்நாட்களில் பாட்டு இல்லை.